ஆடிட்டுக்குத் தயாரான உடம்பு

1

மிச்சிகனிலிருந்து ஓசூருக்குக் கிளம்பும்போது என் மகள் மாலதி ஒரு நிபந்தனை விதித்தாள். என் மனைவி பத்மாவின் முதல் வருடத் திதிக்கு நான் தனியாகவே போகலாம். திதி முடிந்த பின் மார்ச் வரை அங்கேயே தங்கவும் செய்யலாம். ஆனால் அங்கே என்னை அறிந்த மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும். இதயத்துக்கு ஒருவர், முட்டிக்கு ஒருவர் என்று அல்ல. முழு ஆளுக்கும் சேர்த்து ஒருவர். டிசம்பர் முடிவதற்குள் அவரைத் தேர்ந்தெடுத்து, முழுப் பரிசோதனையும் செய்துகொண்டு, அவர் சரி என்று சொன்னால் பயணச்சீட்டின் தேதியை அவள் மாற்றித் தருவாள். இல்லையென்றால் ஜனவரியில் நான் பனிக்குத் திரும்பிவிட வேண்டும்.

எனக்கு வயது எழுபத்தொன்று. எந்த உலோகம் எத்தனை சுமையில் முறியும் என்று பிறருக்குச் சொல்லியே வாழ்நாள் முழுவதும் சம்பளம் வாங்கியவன். ஆனால் என் உடம்பைப் பற்றி யாராவது கேட்டால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதற்கு மேல் எனக்கு ஒரு வாக்கியமும் வராது. மாலதிக்கு இது தெரியும். அதனால்தான் நிபந்தனை.

குளிர்காலத்தை ஓசூரில் கழிக்க ஏன் விரும்பினேன் என்று கேட்கலாம். மிச்சிகனில் எங்கள் வீடு பெரியது. அதற்கு மேல் காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

2

நம் பக்கத்தில் நோயாளி மருத்துவரிடம் தனியாகப் போவதில்லை. நீங்கள் இதை ஒரு வழக்கமாகக்கூட நினைத்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டில் இருப்பவனுக்குத்தான் அது வழக்கமாகத் தெரியும். நான் சாமல்பட்டிக்காரன். படிப்பு முடிந்து ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து, தளிப் பக்கத்துப் பெண்ணான பத்மாவை மணந்த புதிதில், எங்களுக்கு வாய்த்த மருத்துவர் ஒரு கன்னடக்காரர். அவருடைய அறையில் நோயாளிக்குச் சுழலும் ஸ்டூல் ஒன்றும், கூட வந்தவருக்குக் கைவைத்த நாற்காலி ஒன்றும் இருக்கும். எது கௌரவமான இருக்கை என்பதில் சந்தேகமே வேண்டாம். அவர் ஸ்டெதாஸ்கோப்பை என் முதுகில் வைப்பார். கேள்வியைப் பத்மாவிடம் கேட்பார். “ஏனம்மா, ஏனாயித்து இவரிகெ?”

இவருக்கு என்ன ஆயிற்று என்பதைப் பத்மா கன்னடத்தில் விரிவாகச் சொல்லத் தொடங்குவாள். வீட்டில் அவள் பேசி வளர்ந்த மொழி அது. எனக்குப் பாதி புரியும். நடுவில் மருத்துவர் சிரிப்பார், என்னைத் திரும்பிப் பார்ப்பார், மறுபடி சிரிப்பார். கடைசியில் என் கைக்கு வருவது இரண்டு வரி மருந்துச்சீட்டு. வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்பேன்.

“சளின்னு சொன்னேன்.”

“சளிக்கு அவ்வளவு நேரமா?”

“சளி எப்படி வந்துச்சுன்னும் சொல்லணும் இல்ல? தலையத் துவட்டாத கத தனியா இருக்குது.”

முப்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கா போனபோது இந்த ஏற்பாட்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் போனோம். அங்கே இன்டர்னல் மெடிசின் என்று சொல்லப்படும் மருத்துவர்தான் நம் ஊர் எம்.டி. ஜெனரல் மெடிசின். காப்பீட்டு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அவர்கள் வரிசையாக நிற்பார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சிரிப்பார்கள். ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் ஹோட்டலுக்குப் போடுவதுபோல நட்சத்திரங்கள். புதிய நோயாளிகளை ஏற்பவரா, நம் காப்பீட்டை ஏற்பவரா, வீட்டிலிருந்து எத்தனை தூரம் என்றெல்லாம் நான் வடிகட்டி முடித்தபின், மீதி இருந்தவர்களைப் பத்மா படத்தைப் பார்த்தே கழித்துவிட்டாள். “இவுரு சிரிக்கிறதே சரியில்ல” என்று ஒருவரை. “இந்தம்மாவுக்கு நேரம் இருக்காது, தலமுடியப் பாருங்க” என்று இன்னொருவரை. மிஞ்சியவர் ஒருவர்தான். அவரிடமே இருபது ஆண்டுகள் போனோம் என்பதால் அந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன்.

முதல் நாள் அங்கிருந்த செவிலியர், உங்கள் மனைவி உள்ளே வர நீங்கள் அனுமதிக்கிறீர்களா என்று என்னிடம் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டார். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் அது. நல்ல சட்டம். பத்மா அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டாள். ஓசூருக்கு வரும்போதெல்லாம் உறவினரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வாள்: “கட்டிக்கிட்டு இத்தன வருஷம் ஆனப்பறம், நான் உள்ள வரலாமான்னு இவுருகிட்ட பர்மிஷன் கேக்கறாங்க. நான் வரலன்னா இவுரு அங்க என்னத்தச் சொல்லுவாரு?” உள்ளே போனதும் மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்பார், அவள் பதில் சொல்வாள். டென்னிஸ் பார்ப்பவர்போல அவர் தலை சிறிது காலம் இப்படியும் அப்படியும் திரும்பியது. பிறகு அவரும் நம் வழிக்கு வந்துவிட்டார்.

இந்த ஆண்டு முதல் முறையாக அவள் இல்லாமல் அங்கே போனேன். வரவேற்பு மேசையில் இருந்த இளம்பெண், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவராகப் பத்மாவின் பெயரே இருக்கிறது, சரியா என்று கேட்டார். ‘ஷி எக்ஸ்பயர்ட்’ என்றேன். நம் ஊர் ஆங்கிலம்; அங்கே அந்தச் சொல்லுக்குக் காலாவதி என்றே பொருள். அவர் திரையைப் பார்த்தபடி, காப்பீட்டைப் புதுப்பித்துவிட்டீர்களா என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். அவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிழை என் ஆங்கிலத்தினுடையது. அவர் கை வெதுவெதுப்பாக இருந்தது.

அங்கே வயதானவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை நோய் எதுவும் இல்லாமலேயே மருத்துவரைப் பார்க்கும் நாள் ஒன்று உண்டு. வீட்டில் வழுக்கும் விரிப்பு இருக்கிறதா, குளியலறையில் பிடிமானம் இருக்கிறதா, இந்த ஆண்டு விழுந்தீர்களா என்று கேட்பார்கள். மூன்று சொற்களைச் சொல்லி, ஒரு கடிகாரம் வரையச் செய்து, பிறகு அந்தச் சொற்களைத் திருப்பிக் கேட்பார்கள். நான் வரைந்த கடிகாரத்தில் நொடிமுள்ளும் இருந்தது. கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்திருந்ததா என்றும் ஒரு கேள்வி. தூக்கம், முட்டி, இருமல், மனம் எல்லாவற்றுக்கும் ‘ஃபைன்’ என்றேன். மருத்துவர் என் பக்கத்து நாற்காலியை ஒரு முறை பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்த அறிக்கையை மாலதி கணினியில் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். “அப்பா, இது யாரோட ரிப்போர்ட்?” என்றாள். நான் இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு நடப்பது, மாடிப்படியில் இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து இறங்குவது, வசந்த காலத்திலிருந்து இருமுவது, சமையலறைத் தொட்டிக்கு முன் நின்றபடியே ரொட்டி தின்பது எல்லாவற்றையும் சொன்னாள். பேத்தி மீரா, பாட்டி இருந்தவரை தமிழில் பதில் சொன்னவள், இப்போது ஆங்கிலத்தில் கேட்டாள்: தாத்தா பாஸா?

“காப்பியடிச்சுப் பாஸ்” என்றாள் மாலதி.

3

திதி நல்லபடியாக முடிந்தது. ஓசூரில் நான் தங்கியிருப்பது பத்மாவின் தம்பி நாகராஜ் வீட்டில். ராயக்கோட்டை சாலையில், ஊர் முடிந்து ராகிக் கொல்லைகள் தொடங்கும் இடத்தில். நாகராஜ் சிப்காட்டில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் ‘பாவா’ என்று அழைப்பார். எந்த இயந்திரமும் தன்னிடம் பொய் சொல்ல முடியாது என்று நம்புகிறவர். மருத்துவரைத் தேடும் பொறுப்பை நான் கேட்காமலேயே எடுத்துக்கொண்டார்.

ஊரில் யாரைக் கேட்டாலும் ஓர் உறுப்புக்கு ஒரு மருத்துவரைச் சொன்னார்கள். இதயம் என்றால் அத்திப்பள்ளி தாண்டிப் போ. முதுகு என்றால் கிருஷ்ணகிரியில் ஒருவர். கண் என்றால் அதற்கொரு முகாம். உடம்பில் எனக்கு ஒன்றும் இல்லை, அதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்றால் விழித்தார்கள். ஒன்றும் இல்லாதபோது டாக்டரிடம் எதற்குப் போக வேண்டும்? நாகராஜ் எனக்காகப் பதில் சொல்வார்: “மெஷினுக்குப் பி.எம். பண்ண மாட்டோமா? பிரேக்டவுன் ஆனப்பறமா தொறந்து பாப்போம்?” தொழிற்சாலைப் பழக்கமுள்ள ஊர் இது, பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்றால் தேநீர்க் கடைக்காரருக்கும் புரிகிறது.

முதலில் போனது புதிதாகக் கட்டிய பெரிய மருத்துவமனை. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று விதமான பரிசோதனைத் திட்டங்களைக் காட்டினார்கள். மருத்துவர் எந்தத் திட்டத்திலும் சேர்க்கப்படவில்லை. இரண்டாவது மருத்துவர் மிகத் திறமைசாலி என்று சொன்னார்கள். இருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்திருந்தால் நானும் அவர் முகத்தைப் பார்த்திருப்பேன். கூட்டம் அலைமோதும் இடமே நல்ல இடம் என்பது நாகராஜின் கொள்கை. அங்கே எனக்குக் கிடைத்த நேரத்தில் என் பெயரை மட்டுமே முழுதாகச் சொல்ல முடிந்தது.

மூன்றாவதாகப் போனது பாகலூர் சாலையில் ஒரு சிறிய கிளினிக். டாக்டர் ஷைலஜா, எம்.டி. ஜெனரல் மெடிசின். நாற்பது வயதிருக்கும். கீழ்த்தளத்தில் ஒரு பரிசோதனைக் கூடம். என்ன தொந்தரவு என்று கேட்டார். தொந்தரவு இல்லை, என் மகளின் நிபந்தனைதான் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நிபந்தனையை முழுவதும் கேட்டார். என் தந்தை எதில் இறந்தார், எந்த வயதில் என்று கேட்டார். அமெரிக்காவில் போட்ட தடுப்பூசிகளையும், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நான் சாப்பிடும் மாத்திரைகளையும் கேட்டார். தன்னால் முடியாதது வந்தால் யாரிடம் அனுப்புவார் என்பதை நான் கேட்காமலேயே சொன்னார். நள்ளிரவில் அழைத்தால் எடுப்பீர்களா என்று நாகராஜ் கேட்டதற்கு, எடுக்க மாட்டேன், ஆனால் யார் எடுப்பார்கள் என்று சொல்லி வைப்பேன் என்றார். அந்தப் பதிலில்தான் நான் முடிவு செய்தேன்.

பரிசோதனைக்குத் தயாராவது பற்றி அவர் சொன்னது மிக எளிது. வழக்கம்போல் சாப்பிடுங்கள். வழக்கம்போல் இருங்கள். அன்று காலை மட்டும் வெறும் வயிற்றில் வாருங்கள். இரத்தம் கொடுத்து, சாப்பாடு ஆன பிறகு சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும், மூலையில் கிடப்பதையும் விடாமல், ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

4

இதில் ஒன்றைக்கூட நாங்கள் சரியாகச் செய்யவில்லை.

நீங்கள் ஓசூரில் வேலை பார்த்திருந்தால் ஆடிட் என்பது என்ன என்று தெரிந்திருக்கும். தணிக்கையாளர் வருகிறார் என்றால் தொழிற்சாலை இரண்டு வாரத்துக்கு முன்பே வேறு தொழிற்சாலை ஆகிவிடும். தரையில் மஞ்சள் கோடுகள் புதிதாக அடிக்கப்படும். எண்ணெய்க் கசிவு துடைக்கப்படும். ஆண்டு முழுவதும் காணாமல்போன கையுறைகள் எல்லார் கையிலும் இருக்கும். அதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை. வருகிறவருக்குச் செய்யும் மரியாதை அது. முப்பது ஆண்டுகள் அதைச் செய்த நாகராஜுக்கு, பரிசோதனைக்கு வழக்கம்போல் போவது மரியாதைக் குறைவாகப் பட்டது.

“பாவா, இது உங்க ஆடிட். மாலதி கேக்கற ரிப்போர்ட்டு கிளீனா இருக்கணும்” என்றார். “சாமர்த்தியமா நடந்துக்குவோம்.”

நான் மறுத்திருக்க வேண்டும். எனக்கும் மார்ச் வரை இருக்க ஆசை. அன்றிலிருந்து எங்கள் இருவர் தட்டிலும் சோறு நின்றது. உள்ளங்கை அளவு ராகிக் களி, கீரை, மோர். காபியில் சர்க்கரை இல்லை. பிறகு காபியும் இல்லை. நாகராஜின் மனைவி குமுதா ஒப்பட்டு என்னும் இனிப்புப் போளி செய்து, எங்கள் கண்ணில் படாமல் அண்டை வீட்டுக்கு அனுப்பினார். அதிகாலையில் நடை. சானமாவு காட்டிலிருந்து யானைகள் ராகிக்கு இறங்கியிருக்கின்றன என்று கைபேசியில் செய்தி வரும் நாள்களில் வீட்டு மொட்டை மாடியிலேயே சுற்றிச் சுற்றி நடந்தோம். கீழே நின்று குமுதா கேட்பார், ஆடிட்டர் வந்துட்டாரா என்று.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அந்த நாள்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். பசித்தது. பசிக்கிறது என்று சொல்ல வீட்டில் ஆள் இருந்தது.

பரிசோதனைக் கூடத்தில் இருவர் சேர்ந்து செய்துகொண்டால் தம்பதியர் திட்டம் என்று ஒன்று இருந்தது. நாகராஜ் நாங்கள் இருவரும் அதில் சேரலாமா என்று விசாரித்தார். அங்கிருந்த பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சேரலாம் சார், யார் ரெண்டு பேரா இருந்தாலும் சரி என்றார். “அக்கா கூட வரவேண்டியது” என்று நாகராஜ் அந்தப் பெண்ணிடம் சொன்னார். “நான் வந்திருக்கேன்.” அவர் அதை என்னிடம் சொல்லியிருந்தால் பதில் சொல்வது கடினமாக இருந்திருக்கும்.

5

அன்று காலை எழுந்ததும், வழக்கப்படி, சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டேன். வழக்கம்போல் இருக்கச் சொன்னதில் நான் கடைப்பிடித்தது அது ஒன்றுதான்.

எங்கள் இருவருக்கும் இரத்தம் எடுத்த பின் மாடியில் மருத்துவருக்காகக் காத்திருந்தபோது எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகள் ஊர்ந்தன. சட்டை நனைந்திருந்தது. அங்கிருந்த செவிலியர் அருகில் வந்து, என்ன சார், இப்படி வேர்க்குது என்று கேட்டார்.

“நன்றாக இருக்கிறேன்” என்றேன். சொல்லிக்கொண்டே நாற்காலியிலிருந்து சரிந்தேன். நாகராஜ் பிடித்துக்கொண்டார் என்பது பிறகு தெரிந்தது.

குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், பிறகு சர்க்கரை போட்ட டீ, ஒரு பன். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்ததாம். பத்து நிமிடத்தில் உலகம் தன் இடத்துக்குத் திரும்பியது. அந்த டீயின் ருசியை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. டாக்டர் ஷைலஜா எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கூட வந்தவர் யார் என்று கேட்டார். நாகராஜ் கை கட்டி நின்றபடி களி முதல் மொட்டை மாடி வரை ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார்.

“ஆடிட்டுக்கு ரெடி பண்ணோம் மேடம்” என்று முடித்தார்.

“எந்த டிபார்ட்மென்ட்ல இருந்தீங்க?”

“மெயின்டனன்ஸ்.”

“அப்போ உங்களுக்கே தெரியும். ஆடிட் முடிஞ்ச மறுநாள் ஃப்ளோர் எப்படி இருக்கும்?”

நாகராஜ் கட்டியிருந்த கையைப் பிரித்தார். “பழையபடிதான் மேடம்.”

“எனக்கு அந்த மறுநாள்தான் வேணும்.”

பிறகு என் பக்கம் திரும்பி, தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நாகராஜ் வாயைத் திறந்தார். அவரே சொல்லட்டும் என்றார் டாக்டர். பக்கத்தில் யாராவது சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன்.

“தூக்கம் இல்லைங்க டாக்டர்” என்றேன். “ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. அதுக்கப்பறம் சும்மா படுத்திருக்கேன். ஒரு வருஷமா.”

அவர் எழுதவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்று வெளியே வந்ததும் மற்றவை தாமாக வந்தன: முட்டி, படி, இங்கே வரும்வரை இருந்த பசியின்மை, எட்டு மாதமாக விடாத வறட்டு இருமல். இரத்த அழுத்த மாத்திரையை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டார். வசந்த காலத்தில் என்றேன். அந்த மாத்திரை சிலருக்கு இருமல் தரும். மாற்றினால் போய்விடும் என்றார். மிச்சிகன் மருத்துவரிடம் நான் ‘ஃபைன்’ என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவரும் இதையே சொல்லியிருப்பார்.

மருந்துப் பையை மேசையில் கொட்டிப் பிரித்தார். ஒரு சிறிய பாட்டிலை எடுத்துப் படித்தார். “இது தைராய்டு மாத்திரை. உங்களுக்குத் தைராய்டு இல்லையே சார்.”

“என் மனைவியோடது.”

அவர் அதைக் குப்பைக்கூடையில் போடவில்லை. பையில் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

கடைசியில், இன்றைக்குச் சரி என்று சொல்ல முடியாது என்றார். சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைத்து, அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து வாருங்கள், அப்போது சொல்கிறேன். நாங்கள் எழுந்தபோது கேட்டார்: “இன்னிக்கு நடந்தத உங்க பொண்ணுகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

நானே சொல்கிறேன் என்றேன்.

6

வழியெல்லாம் நாகராஜ் என்னைத் தடுத்துக்கொண்டே வந்தார். “சொல்லாதீங்க பாவா. மயக்கம்னு காதுல விழுந்தா போதும், நாளைக்கே ஃப்ளைட்டு போட்டுருவா. ரெண்டு வாரம் கழிச்சு நல்ல ரிப்போர்ட்டோட சொல்லிக்கலாம்.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பத்மா இருந்திருந்தால் எனக்காக அவள் முடிவு செய்திருப்பாள். எனக்கு அந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

மாலை, அங்கே விடிந்த நேரம் பார்த்து மாலதியை அழைத்தேன். சரிந்ததில் ஆரம்பித்து, பின்னால் போய்க் களியைச் சொல்லி, மாத்திரையைச் சொல்லி, தூக்கத்தையும் சொன்னேன்.

“அப்பா, மாமா பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்கறாரா?”

“இல்லை. சொல்லவே வேண்டாம்னுதான் உங்க மாமா சொன்னார்.”

அவள் சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “டாக்டர் நம்பர் குடுங்க” என்றாள். மறுநாள் அவளும் டாக்டர் ஷைலஜாவும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நோயாளியின் அந்தரங்கம் நம் ஊரில் நோயாளியிடமிருந்தும் காக்கப்படுகிறது. இரண்டு வாரம் முடியும் முன்பே பயணச்சீட்டு மார்ச் கடைசிக்கு மாறி வந்துவிட்டது.

சொன்னபடி மறுபடியும் போனோம். இம்முறை குமுதாவின் ஒப்பட்டு இருவர் வயிற்றிலும் இருந்தது. என் எண்களைப் பார்த்து டாக்டர் சரி என்றார். இருமல் நின்றிருந்தது. அதோடு முடிந்தது என்று நான் எழுந்தபோது, தம்பதியர் திட்டத்தின் இன்னொரு பாதியைக் கையில் எடுத்து, நாகராஜை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். முதல் முறை எடுத்த வெறும் வயிற்றுச் சர்க்கரை கச்சிதமாக இருந்தது, களியின் வேலை. ஆனால் மூன்று மாதச் சராசரி என்று ஓர் எண் இருக்கிறது. எந்த மஞ்சள் கோட்டாலும் அதை மறைக்க முடியாது. அவருக்கு அது மிகவும் ஏறியிருந்தது.

“எனக்கென்ன மேடம். நல்லா இருக்கேன்” என்றார் நாகராஜ்.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

இரவில் மூன்று நான்கு முறை எழுந்து போகிறார் என்றேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுகிறார், குறை கண்ணாடியில் இல்லை. முந்தாநாள் நடந்து வரும்போது இடது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது; அது தெரியாமல் கேட் வரை வந்துவிட்டார்; நான்தான் எடுத்து வந்தேன். நான் இவ்வளவு கோவையாகப் பேசியதைக் கேட்டு நாகராஜ் வாய்பிளந்து உட்கார்ந்திருந்தார்.

“இதெல்லாம் எப்ப பாத்தீங்க பாவா?”

எனக்குத்தான் தூக்கம் இல்லையே என்றேன்.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மீன் பிடிக்கும் நரம்பு போன்ற ஒரு மெல்லிய இழையை எடுத்துப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்தினார். தொடும்போது சொல்லுங்கள் என்றார். நாகராஜ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்தவர்போல் கவனமாக இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “எப்ப ஆரம்பிக்கறீங்க மேடம்?” என்று கேட்டார். டாக்டர் இடது காலில் மூன்று இடம் முடித்திருந்தார்.

புண் எதுவும் வருவதற்கு முன் பிடித்துவிட்டோம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். மருந்து, சாப்பாடு, தினமும் பாதத்தை ஒருவர் உட்கார்ந்து பார்ப்பது. ஓராண்டு ஒழுங்காக இருந்தால் நிலைமை கட்டுக்குள் நிற்கும். தினமும் பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று நான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மாலதியை அழைத்தேன். மார்ச் போதாது என்றேன்.

அவள் பதறிவிட்டாள். “ஏன்ப்பா? யாருக்கு என்ன?”

“உங்க மாமாவுக்கு” என்றேன். “பயப்படாதே. உட்கார்ந்து கேளு, விவரமா சொல்றேன்.”